வெளியூர் போனால் எங்கே சாப்பிடுவது?

1973-ல் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை கிடைத்து மதுரையில் சேர்ந்தேன். முதல் நாள் என் கைக்கு வந்தது ஒரு பாக்கெட் டைரிதான். எங்கள் குழுவின் மூத்தவர் அதை நீட்டி, "தம்பி, இதைப் பார்த்து எழுதிக்கங்க. ரூல்ஸ் புத்தகத்தை அப்புறம் படிச்சுக்கலாம். கேம்ப் போற எடத்துல வயிறு கெட்டுச்சுன்னா எந்த ரூல்ஸும் காப்பாத்தாது" என்றார்.

அந்த டைரியில் ஊர் ஊராகச் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. ஒன்றிய அலுவலகங்களுக்குக் கணக்குப் பார்க்கப் போகிறவர்கள் நாங்கள். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். வேடசந்தூர் என்று இருக்கும், அதன் கீழே, "பஸ் ஸ்டாண்டு எதிர். இட்லி காலை 8-க்குள். சட்னி உத்தமம். காபி வேண்டாம்." முதுகுளத்தூரில், "தண்ணீர் உப்பு. மோர் கேட்டு வாங்கவும்." பரமக்குடியில், "ராத்திரி 9-க்கு மேல் புரோட்டா மட்டும்." உசிலம்பட்டிக்கு, "அளவுச் சாப்பாடு. இரண்டாம் சோறு முகம் சுளிக்காமல் போடுவார்கள்." இப்போது செல்போனில் நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்களே, அதில் பாதிக்கு மேல் எனக்குப் புரிவதில்லை. "இரண்டாம் சோறு முகம் சுளிக்காமல்" என்பதைவிடத் தெளிவாக ஒரு ஓட்டலைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்?

சில கடைகளுக்கு முன்னால் சிவப்புப் பென்சிலில் ஒரு புள்ளி இருந்தது. தணிக்கைக்காரனிடம் சிவப்புப் பென்சிலுக்கா பஞ்சம்? நானும் அப்படியே புள்ளி வைத்து எழுதிக்கொண்டேன். ருசியான கடை என்பதற்கு அடையாளம் என்று நினைத்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளியூர் போகிறவன் எங்கே சாப்பிடுவது என்ற கேள்வி ஓட்டல்களைவிடப் பழையது. நம்மூர் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிற மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காத மதுரைக்காரர் இருக்க மாட்டார். ராணி மங்கம்மாள் ஆண்டது 1689 முதல் 1706 வரை. சாலை போட்டு, சாலையில் மரம் வைத்து, நடந்து வருகிறவன் தங்கவும் சத்திரம் கட்டிய காலம் அது. தஞ்சாவூர் மராட்டிய மன்னர்களும் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் போலப் பல கட்டினார்கள். வசதி உள்ளவர்களும் சரி, இல்லாதவர்களும் சரி, பயணம் என்றால் கட்டுச்சோறுதான். புளியோதரையும் தயிர்சாதமும் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் உறவுக்காரர் வீடு, இல்லாவிட்டால் சத்திரம். காசு கொடுத்துச் சோறு வாங்கிச் சாப்பிடுவது அந்தத் தலைமுறைக்குக் கூச்சமான காரியம். என் அப்பத்தா கடைசி வரை ஓட்டல் பலகாரத்தை "கிளப்புக் கடை எச்சி" என்றே சொல்லி வந்தார்.

ரயில் வந்தது 1870-களில். கோர்ட்டு, கச்சேரி, பரீட்சை, வியாபாரம் என்று ஆட்கள் ஊர் விட்டு ஊர் போகத் தொடங்கினார்கள். பின்னாலேயே காபி கிளப்புகள் வந்தன. பெரும்பாலானவை பிராமணர் நடத்தியவை. காரணம் எளிது. அவர்கள் சமைத்தால் யார் வேண்டுமானாலும் சாப்பிடுவார்கள். மற்றவர் சமைத்தால் சிலர் சாப்பிட மாட்டார்கள். வியாபாரக் கணக்கில் அது சரியாக வந்தது. ஆனால் சமையலில் போட்ட கோட்டை உட்காரும் இடத்திலும் போட்டார்கள். உள்கூடம் பிராமணர்களுக்கு, வெளித்தாழ்வாரம் 'இதராளுக்கு'. என் தாத்தா வழக்கு விஷயமாக மதுரைக்கு வந்தால் சாப்பிட்டது வெளித்தாழ்வாரத்தில்தான். அதைப் பெரிய அவமானமாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "வெளியில காத்து நல்லா வரும்டா" என்பார். அந்தத் தாழ்வாரத்துக்கும் வர முடியாத ஆட்கள் உண்டு என்பது அவர் பேச்சில் வரவே வராது.

ஆகவே அந்த நாளில் ஒருவரிடம் போய், "திருச்சியில் எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டால், கேட்டவர் யார் என்று பார்த்துத்தான் பதில் வரும். ருசி, விலை, சுத்தம் எல்லாம் அதற்கு அப்புறம்.

சென்னையில் உடுப்பிக்காரர்கள் கால் வைத்த கதை ருசியானது. கே. கிருஷ்ண ராவ் தென் கன்னடத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, ஓட்டல் சமையலறை வேலையில் தொடங்கி, சொந்தக் கடை வைத்து, 1938-ல் ராயப்பேட்டையில் ஒரு பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தார். அந்தப் பங்களாவின் பெயர்தான் வுட்லண்ட்ஸ். கட்டடத்தின் பெயர் ஓட்டலுக்கு வந்து, ஓட்டலின் பெயர் ஊர் ஊராகப் போயிற்று. 1952-ல் நியூ வுட்லண்ட்ஸ், 1962-ல் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன். தாசப்பிரகாஷ் சீதாராம ராவ் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1954-ல் திறந்த ஓட்டலுக்கு, ஐஸ்கிரீம் சாப்பிடவே குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் உண்டு. என் கல்யாணம் முடிந்து சென்னை போனபோது நானும் என் மனைவியும் போனோம். ஐஸ்கிரீம் பிரமாதம். பில்லைப் பார்த்துவிட்டு மறுநாள் முழுக்க இட்லியோடு நிறுத்திக்கொண்டோம்.

'உடுப்பி' என்ற பெயரே ஒரு சிபாரிசாக ஆகிவிட்டது. உள்ளே போகாமலே தெரியும்: டேபிள் துடைத்திருக்கும், சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் இருக்கும், காபி சூடாக வரும். தெரியாத ஊரில் இறங்கிய மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! (அந்த வெல்லத்தை நான் இன்று வரை மன்னிக்கவில்லை என்பது வேறு விஷயம்.) பம்பாய் மாதுங்காவில் ராம நாயக் 1942-ல் ஸ்டேஷன் பக்கம் ஆரம்பித்த ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில், விடுப்புப் பயணச் சலுகையில் போனபோது இலைச் சாப்பாடு சாப்பிட்டேன். வரிசையில் நின்றுதான் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு யாரும் அவசரப்படுத்தவில்லை. தமிழ் கேட்டே நாலு நாள் ஆகியிருந்த எனக்கு, பக்கத்து இலைக்காரர் "ரசம் கேளுங்கோ, நன்னா இருக்கும்" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

பெங்களூரில் இரண்டு இடம் சொல்வேன். காந்தி பஜாரில் 1943-லிருந்து இருக்கிற வித்யார்த்தி பவன். தோசை தடியாக, மொறுமொறுப்பாக, கை நிறைய வெண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். இன்னொன்று லால்பாக் சாலையில் எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்று, அரிசிக்குத் திண்டாட்டம் வந்தபோது, ரவையை வைத்து இட்லி செய்து பார்த்ததில் பிறந்ததுதான் ரவா இட்லி என்று அவர்களே சொல்கிறார்கள். எமர்ஜென்சியில் ஓட்டல் பண்டங்களுக்கு விலைக் கட்டுப்பாடு வந்தபோது, தரத்தைக் குறைத்து விற்க மனமில்லாமல் ஓட்டலை மூடிவிட்டு, பொட்டலத்தில் மாவு விற்கப் போனார்கள். பிறகு திறந்தார்கள். தணிக்கைக்காரனாகச் சொல்கிறேன், நஷ்டக் கணக்கைப் பார்த்து சாம்பாரில் தண்ணீர் ஊற்றாத ஓட்டல்காரனுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ரேஷன் காலத்தை நம் வயதுக்காரர்களுக்கு அண்ணன்மார் சொல்லியிருப்பார்கள். 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுக்கும் வரை, ஓட்டலில் வயிறாரச் சோறு கிடைப்பதே பெரும்பாடு.

மறுபடி உட்காரும் இடத்துக்கு வருகிறேன். மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு போனது 1939 ஜூலை 8. நம்மூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய நாள்தான். ஆனால் கோயில் கதவு திறந்த கையோடு காபி கிளப்புக் கதவும் திறந்துவிடவில்லை. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் என்றிருந்த வழக்கம், பெரியாரும் நீதிக்கட்சியினரும் எதிர்த்துக் கேட்ட பிறகு 1941-ல் போயிற்று. 1950-ல் அரசியல் சட்டம் வந்தது. 15-ஆம் பிரிவில் கடைகள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே, சாதி காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பலகையில் எழுதிய 'பிராமணாள்' என்ற சொல் மட்டும் அப்புறமும் தொங்கிக்கொண்டிருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக் கணக்கில், நாள் தவறாமல் ஆட்கள் போய்க் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போயிற்று. ஒரு சொல்லுக்கா இவ்வளவு என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

1978 என்று நினைக்கிறேன். ஒரு தாலுகா ஊரில் கேம்ப். ஊர்ப் பெயர் வேண்டாம். வேலை முடிய நேரமாகி, வழக்கமாகப் போகிற கடை அடைத்துவிட்டது. தேர்முட்டிப் பக்கம் ஒரு பழைய சைவ ஓட்டலில் விளக்கு எரிந்தது. "வாங்கண்ணே, இங்கயே முடிச்சிருவோம்" என்றேன். ஆபீசில் சார், வெளியே வந்தால் அண்ணன், அப்படித்தான் பழக்கம். அவர் படியில் கால் வைக்கவில்லை. "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க தம்பி. எனக்குப் பசியில்ல."

பசியில்லாத மனிதரா அவர்? நான் போகவில்லை. இரண்டு வாழைப்பழமும் ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னார்.

அவருக்குப் பன்னிரண்டு வயது. யுத்த காலம். உபகாரச் சம்பள விஷயமாக அப்பாவோடு பத்து மைல் நடந்து அந்த ஊருக்கு வந்திருக்கிறார். காரியம் முடிந்ததும், பையன் படிக்கப் போகிறான் என்ற சந்தோஷத்தில் அப்பா அந்தக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பின்பக்கம், சாக்கடை ஓரம் நின்றார்கள். தோசையை இலையில் சுருட்டி மேலே இருந்து போட்டார்களாம். காபி கொட்டாங்குச்சியில். "ருசி நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அதான் வயித்தெரிச்சல். இன்னொண்ணு கேளுங்கப்பான்னு சொல்லத் தோணுச்சு. எங்கப்பா மொகத்தப் பாத்தேன். கேக்கல."

டைரியை எடுத்து அந்தப் புள்ளிகளைக் காட்டினேன். சிரித்தார். "ருசின்னா நெனச்சீங்க? அங்க யாரும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்க மாட்டான். அவ்வளவுதான்." மதுரை, திருச்சி போன்ற பெரிய ஊர்களில் புள்ளியே இல்லை, அங்கே தேவைப்படவில்லை. சின்ன ஊர்களில்தான், இலை போடும்போதே பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "சாருக்குச் சொந்த ஊரு எது?" என்று ஆரம்பிப்பார்கள். சட்டம் வந்து இருபது வருஷம் கழித்தும். எனக்கு அந்தக் கேள்வி எத்தனையோ முறை வந்திருக்கிறது. பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில், அமெரிக்காவிலும் இப்படி ஒன்று இருந்ததைப் படித்தேன். விக்டர் கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936-ல் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு கையேடு போட்டாராம். காரில் ஊர் விட்டு ஊர் போகிற கறுப்பின மக்கள் எந்த ஊரில் எங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம், தங்கலாம் என்கிற பட்டியல். பிரான்சில் டயர் கம்பெனிக்காரர் மிஷலின் 1900-ல் போட்ட கையேடு, பிற்பாடு நட்சத்திரம் கொடுத்து உலகப் புகழ் பெற்றது. அந்த இரண்டு கையேட்டில் எங்கள் அண்ணன் டைரி எதன் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

அவருடைய புள்ளிகளில் நிறைய, முனியாண்டி விலாஸ்களுக்கு இருந்தன. அது நம் திருமங்கலம் பக்கத்துக் கதை. வடக்கம்பட்டி என்கிற வானம் பார்த்த பூமியிலிருந்து பிழைப்புத் தேடிப் போன நாயுடுமாரும் ரெட்டியார்களும், ஊர்ச் சாமி முனியாண்டி பெயரில் அசைவ ஓட்டல் போட்டார்கள். முதல் கடை 1930-களில் காரைக்குடியில். பிறகு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பரவி, தமிழ்நாட்டில் பஸ் நிற்கிற ஊரெல்லாம் ஒரு முனியாண்டி விலாஸ். பொதுக் கம்பெனி கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது. சாமி ஒன்றுதான் பொது. வருஷத்துக்கு ஒரு முறை தை மாதம் கடைகளை அடைத்துவிட்டு எல்லோரும் வடக்கம்பட்டிக்கு வந்து பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவார்கள். பிரசாதம் மட்டன் பிரியாணி. ராத்திரியெல்லாம் வெந்து விடியற்காலையில் இறங்கும். ஒரு முறை நான் போயிருக்கிறேன். தூக்குவாளியோடு நின்ற கூட்டத்தில் யார் எவர் என்று யாரும் பார்க்கவில்லை.

அந்த ஓட்டல்களைப் பற்றி அண்ணன் எழுதிய குறிப்பு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்: "குழம்பு காரம். எலும்புக் குழம்பு தனியாகக் கேட்கவும். கேள்வி இல்லை."

இன்னும் சில ஊர்களையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் போனால் கும்பேசுவரர் கோயிலை ஒட்டிய மங்களாம்பிகாவில் காலை டிபன். டிகிரி காபி என்று நெடுஞ்சாலை நெடுகப் பலகை மாட்டியிருக்கிறார்களே, அவற்றை நம்ப வேண்டாம். பித்தளை டபரா வைத்தால் பால் கெட்டியாகிவிடாது. கோயம்புத்தூரில் 1968-லிருந்து இருக்கிற அன்னபூர்ணாவில் சாம்பாருக்காகவே இட்லி சாப்பிடலாம். சென்னை திருவல்லிக்கேணி ரத்னா கபேயிலும் அதே கதைதான். வாளியோடு வந்து ஊற்றுவார்கள். திண்டுக்கல்லில், தலைப்பாகை கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்த நாகசாமி நாயுடு 1957-ல் ஆரம்பித்த பிரியாணிக் கடை இப்போது ஊர் ஊருக்கு இருக்கிறது. சீரகச் சம்பா என்றால் எனக்குத் திண்டுக்கல்தான். திருவனந்தபுரத்தில் இறங்கினால் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் செங்கல்லில் சுருள் சுருளாகக் கட்டிய கட்டடம். நடந்து ஏறிக்கொண்டே போய் எந்த வளைவிலும் உட்காரலாம். 1957-ல் காபி போர்டு கடைகளை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, ஏ.கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்தார். பரிமாறுகிறவரே முதலாளி. பீட்ரூட் போட்ட கட்லெட் சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம். நம்மூரில் மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் போங்கள், காரச் சட்னி இரண்டாம் முறை கேளுங்கள்.

கதீட்ரல் சாலை டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டது. நான் ஓய்வு பெற்றதும் அதே வருஷம். அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. நல்ல பூங்காதான், காபி கிடைக்காது.

அண்ணன் 1990-ல் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் அந்தத் தாலுகா ஊருக்குப் போக நேர்ந்தது. முகூர்த்தம் முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது தேர்முட்டிப் பக்கம் வந்தோம். ஓட்டல் கை மாறிவிட்டது. புதுப் பெயர், புது டேபிள், கல்லாவில் ஒரு இளைஞன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே, "கல்யாண வீட்டுக் காபி வாய்க்கு வெளங்கல" என்று சொல்லிக்கொண்டு படியேறினார். உள்கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். ஒரு சாதா தோசை சொன்னார். சாப்பிட்டு முடித்தார். சர்வரைப் பார்த்து, "தம்பி, இன்னொண்ணு" என்றார்.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறிய பிறகு சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். "தோசை பரவாயில்லை. சாம்பார் நீர். கல்லாப் பையன் சில்லறை சரியாகத் தருகிறான்." பென்சிலைத் தேடினார், கிடைக்கவில்லை. என்னிடம் கேட்டார். என்னிடமும் இல்லை. அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.